உசிரு பிடி

சொன்னதைச் சொன்னபடி செய்தவள் கோமளம். செய்யச் செய்ய, மேலே ஏற வேண்டியது கீழே இறங்கிக்கொண்டே வந்தால் மனுஷி யாரைப் போய்க் கேட்பாள்? இடமும் அப்படிப்பட்ட இடம். இடுப்பு வலி, முட்டி வலி என்றால் குழாயடியில் நின்று நாலு பேரிடம் சொல்லலாம். நாலு பேரும் நாற்பது வைத்தியம் சொல்வார்கள். கர்ப்பப்பை இறங்கி வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று எந்தக் குழாயடியில் சொல்வது?

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து புருஷன் முனிராஜோடு கன்னடச் சீமையில் இருக்கும் பொம்மசந்திராவுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அவனுக்கு ஒரு பட்டறையில் லேத் வேலை. அவளுக்கு ஸ்விட்ச் செய்கிற கம்பெனியில் டெம்பரவரி வேலை. பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும்; ரெண்டு பக்கமும் பெண்கள் நின்றபடி திருகாணி முடுக்குவார்கள். ட்ரே நிறைந்ததும் தூக்கி அடுத்த மேஜையில் வைக்க வேண்டும். கால் கடுக்கும்தான். ஆனாலும் அந்த லைன் கோமளத்துக்கு உயிர். ஊரில் களை பிடுங்கினாலும் கல் சுமந்தாலும் அவளை முனிராஜ் பெண்டாட்டி என்றுதான் சொன்னார்கள். இங்கேதான் "கோமளம் முடுக்கின பீஸ் திரும்பி வராது" என்று அவள் பேரைச் சொன்னார்கள்.

லைனில் பாதி ஓசூர், மீதி கிருஷ்ணகிரி, திருப்பத்தூர். மளிகைக் கடைக்காரர் தமிழ், வீட்டுக்காரம்மா தமிழ். அதனால் அவள் கற்றுக்கொண்ட கன்னடம் எஷ்டு, பேக்கு, பேடா. எவ்வளவு, வேணும், வேணாம். ஒரு குடும்பம் நடத்த இதற்கு மேல் என்ன பாஷை வேண்டியிருக்கிறது?

கோளாறு எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. கடைசிப் பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே தண்ணீர்க் குடம் தூக்கினாளே, அப்போதா? இல்லை, ட்ரே தூக்கித் தூக்கியா? சாயங்காலம் ஆனால் கீழே ஒரு எலுமிச்சம்பழத்தை இடுக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். அது போதாதென்று, ஒண்ணுக்கு வருகிறது என்று நினைத்த மாத்திரத்தில் வந்துவிடும். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டாலே போச்சு. வாய்விட்டுச் சிரிக்கிறவள், சிரிப்பையும் நிறுத்திவிட்டாள். சிரித்தால் நனைகிறது. "என்னடி, பெரிய மனுசி ஆயிட்டியா?" என்று பக்கத்தில் நின்று வேலை செய்கிற பெர்னதெத் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லைனுக்கு ஒரே ஒரு கட்டை. ஒண்ணுக்குப் போகிறவள் ஆணியில் தொங்கும் அந்த மரக்கட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, மேய்ச்சலில் ஓடுகிற மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி! கோமளம் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அது நெஞ்சில் டொக் டொக்கென்று இடிக்கும். லைனே திரும்பிப் பார்க்கும்.

"என்னம்மா, கட்டைய உன் பேருக்கே எழுதி வெச்சுடலாமா?" என்பார் சூப்பர்வைசர் பெருமாள்சாமி. கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆடியில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டுவிட்டு டவுனுக்குள் இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா கன்னடக்காரர். உடைந்த தமிழில் பேசினார். "கர்ப்பப்பை கீழ பந்திதே. இறங்கி இருக்கு. எக்ஸர்சைஸ் செய். சங்கராந்தி முடிஞ்சு வா. சரி ஆகலைன்னா ஆபரேஷன், எடுத்துடலாம்."

"எடுத்தா எப்போ வேலைக்குப் போகலாம்மா?"

"மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது."

டெம்பரவரிக்காரி மூணு மாசம் வராவிட்டால் அவள் இடத்தில் மறுநாளே இன்னொருத்தி நிற்பாள். கேட்டில் வேலை கேட்டு வருகிற கூட்டத்தைத் தினமும் பார்க்கிறாளே. ஆபரேஷன் என்றால் லைன் போச்சு. சங்கராந்திக்குள் சரி ஆகியே தீர வேண்டும்.

பயிற்சி சொல்லிக் கொடுத்தவள் மமதா. சின்ன வயசு, சிரித்த முகம், சுட்டுப்போட்டாலும் தமிழ் வராது. திரைக்குப் பின்னால் பெஞ்சில் மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை மடக்கச் சொன்னாள். கையை முஷ்டியாக்கி மெதுவாக மேலே தூக்கிக் காட்டினாள். ஓகோ, ஒண்ணுக்கை அடக்குகிற மாதிரி உள்ளுக்குள் இறுக்கி மேலே இழுக்கச் சொல்கிறாள். அது புரிந்தது. அடுத்துச் சொன்னாள்: "ஈக உசிரு பிடி."

உசிரு பிடி! உசுரைப் பிடித்துக்கொள் என்கிறாள். கோமளத்துக்கு இதில் சந்தேகமே வரவில்லை. கல் தூக்கும்போது தம் கட்டுவதில்லையா? பிள்ளை பெறும்போது மருத்துவச்சி "தம் புடி, தம் புடி" என்று கத்தவில்லையா? கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினாள். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து யாரோ கூப்பிட, மமதா திரும்பிப் பதில் சொன்னாள்.

"சரியா சிஸ்டர்?" என்றாள் கோமளம்.

"சரி, சரி," என்றாள் மமதா. அந்த ஒரு வார்த்தை மட்டும் ரெண்டு பாஷையிலும் ஒன்றாக இருந்து தொலைத்தது.

மற்றதெல்லாம் கையைக் காலை ஆட்டியே விளங்க வைத்தாள். இடுப்புக்கடியில் மடித்த கம்பளியை வைத்து, காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக் கொஞ்ச நேரம் படுக்க வேண்டும். நிற்கும்போது கூன் போடக் கூடாது. ஒரு காலைச் செங்கல் மேல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பாரம் தூக்கும்போதும் உசிரு பிடி. அவசரமாக ஒண்ணுக்கு வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்திலேயே நின்று இறுக்கி இறுக்கி விட்டு, அந்த அவசரம் அடங்கின பிறகு நடக்க வேண்டும். இது என்ன கூத்து? வந்தால் ஓடுவதுதானே உலக வழக்கம்?

கோமளம் ஒன்றையும் விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தினமும் செய்தாள். தம் கட்டினாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, காது அடைத்துப் போகும் வரைக்கும் தம் கட்டினாள். லைனிலும் ட்ரேயைத் தம் கட்டித்தான் தூக்கினாள்.

"என்னடி, மூஞ்சி தக்காளி கணக்கா இருக்குது?" என்று ஒரு நாள் முனிராஜ் கேட்டான். வேறு வழியில்லாமல் சொன்னாள். அவன் பாவம், தலையைச் சொறிந்தான். "ஆபரேஷனே பண்ணிடலாமே கோமளம். எடுத்துட்டா தொல்லை விட்டுது."

"ஆமா, எடுக்கறது என்னுதுதானே, உனக்கென்ன!" என்று சீறினாள். அப்புறம் அவனே செங்கல் ஒன்றைக் கழுவி, பழைய துணி சுற்றி, கம்பெனிக்கு எடுத்துப் போகக் கொடுத்தான்.

தீபாவளி நெருங்கியது. எலுமிச்சம்பழம் ஆரஞ்சுப் பழமாகியிருந்தது. கட்டையோடு ஓட்டம் கூடியதே தவிரக் குறையவில்லை. கோமளத்துக்கு மண்டை குழம்பியது. நான் செய்வது போதவில்லையா, அதிகமாகிவிட்டதா? என் உடம்பு மட்டும் தனி தினுசா? சிஸ்டரையே போய்க் கேட்கலாம் என்று நீங்கள் சொல்லலாம். எந்தப் பாஷையில் கேட்பது? எஷ்டு, பேக்கு, பேடாவை வைத்துக்கொண்டா? டாக்டரம்மாவிடம் போனால் இப்போதே ஆபரேஷன் என்றுவிடுவார். ராத்திரி படுத்தால், அவள் இடத்தில் செங்கல் மேல் கால் வைத்து எவளோ நிற்கிற மாதிரியே தோன்றியது. அடக்க முடியாமல் அழுதாள். அழுதாலும் நனைந்தது.

தீபாவளி கழிந்து வந்த வார லீவில், துணி எடுக்க சிவாஜிநகருக்கு வாடி என்று பெர்னதெத் இழுத்துக்கொண்டு போனாள். பெர்னதெத் அங்கேயே சந்துக்குள் பிறந்து வளர்ந்த தமிழச்சி. கன்னடம், உருது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸில் நெரிசல். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் பஸ் குலுங்கியதில், கோமளம் கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டாள். கிடைத்தது முன்னால் நின்ற ஒரு கன்னடத்து அம்மாவின் முந்தானை.

"பிடி, பிடி!" என்று அலறினார் அந்த அம்மா.

அடடா, என்ன தங்கமான மனசு! விழுந்துவிடப் போகிறாளே என்று பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். கோமளம் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பிடியம்மா! பிடி அந்தரே!"

"புடிச்சுக்கினுதாம்மா இருக்கேன்!" என்று சொல்லி ரெண்டு கையாலும் பிடித்தாள். தோளில் குத்தியிருந்த பின் தெறித்தது. முந்தானை பாதி கோமளத்தின் கையில். பஸ்ஸே பார்க்கிறது. அந்த அம்மா கையை ஓங்கிவிட்டார்.

பெர்னதெத் பாய்ந்து வந்து விரல் விரலாகப் பிரித்தாள். "அடிப்பாவி, விடுடி! விடுன்னுதானே கத்துறாங்க!"

"பிடின்னுல்ல சொல்றாங்க?"

"கன்னடத்துல பிடின்னா விடுடி, லூசு! புடிக்கிறதுக்கு ஹிடின்னு சொல்லுவாங்க. ரெண்டு வருசமா என்னத்தக் கத்துக்கின நீ?" திட்டிக்கொண்டே அந்த அம்மாவிடம் கன்னடத்தில் கெஞ்சி, பின்னைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

கோமளம் கம்பியைப் பற்றிக்கொண்டாள். "பெர்னதெத்து... அப்போ உசிரு பிடின்னா?" என்றாள்.

"மூச்சை விடுன்னு அர்த்தம்."

"மூச்சா? உசுரு இல்லியா?"

"உசிருன்னா மூச்சுதான். எதுக்குக் கேக்குற?"

ஐயோ கடவுளே! ரெண்டு வார்த்தை. ரெண்டும் தப்பு. விடச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, மேலே இழுக்க வேண்டியதை இத்தனை நாளும் தம் கட்டிக் கட்டி அவளே கீழே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள்! முதலில் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அப்புறம் அந்த அம்மாவின் முந்தானை ஞாபகம் வந்தது. சிரிப்பு பீறிட்டுக்கொண்டு கிளம்பியது. பெர்னதெத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக எல்லாவற்றையும் காதில் சொன்னாள். கேட்ட பெர்னதெத்துக்கும் சிரிப்பு தாங்கவில்லை. கோமளத்துக்குக் கொஞ்சம் நனைந்தும் போனது. நனைந்தால் நனையட்டும் போ, என்று விட்டுவிட்டாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை மாசமாயிற்று!

ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. சங்கராந்திக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான். கெடுத்த இத்தனை நாளை எதில் சேர்ப்பது? கம்பளியை மடித்துப் போட்டுப் படுத்தாள். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே இறுக்கினாள். விடும்போது அடிவயிறு தானாக உள்ளே போனது. கீழே இருப்பதும் கூடவே லேசாக எழும்பியது. நிஜமா, பிரமையா? மறுபடி விட்டாள். மறுபடி எழும்பியது.

அன்றிலிருந்து ட்ரேயைத் தூக்கும்போதெல்லாம் "ஊஃப்" என்று மூச்சை விட்டாள். "ஏம்மா, வேலை அவ்வளவு சலிப்பா இருக்கா?" என்றார் பெருமாள்சாமி. "இல்ல சார், கன்னடம் கத்துக்கிறேன்," என்றாள். பெர்னதெத் திருகாணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவசரம் வந்தால் கோமளம் ஓடவில்லை. செங்கல் மேல் ஒரு காலை வைத்து நின்று, இறுக்கி விட்டு, இறுக்கி விட்டு, அது அடங்கினதும் கட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கல்யாணப் பொண்ணு மாதிரி நடந்து போனாள். எல்லா நாளும் அப்படி நடந்துவிடவில்லை. சில நாள் பாதி வழியிலேயே தோற்றாள். குறைந்திருக்கிறதா, குறைந்ததாக நினைத்துக்கொள்கிறாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆரஞ்சு எலுமிச்சையான மாதிரி ஒரு நாள் இருக்கும். மறுநாள் பழைய குருடி கதவைத் திறடி.

சங்கராந்தி முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா படுக்க வைத்துச் சோதித்தார். இருமச் சொன்னார். மமதா பக்கத்தில் நின்று, "உசிரு பிடி," என்றாள். கோமளம் நீளமாக விட்டாள். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கன்னடத்தில் கடகடவென்று பேசினார்கள். ஒரு எழவும் புரியவில்லை.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே திரும்பினார். "எக்ஸர்சைஸ் நிறுத்தாதே. ஆபரேஷன் பேடா."

பேடா. அவளுக்குத் தன் பேரைப் போலத் தெரிந்த வார்த்தை. கடையில், பஸ்ஸில், எத்தனை தடவை அவளே சொல்லியிருக்கிறாள்! ஆனால் பிடியும் அப்படித் தெரிந்த வார்த்தைதானே? அந்தப் பிடி இந்தப் பாடு படுத்திவிட்டதே! கோமளம் மிரள மிரள எழுந்து உட்கார்ந்தாள்.

"பேடான்னா... வேணாமாம்மா? வேணுமா?"

"பேடா, பேடா," என்றார் டாக்டரம்மா இன்னும் சத்தமாக. மமதா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்கிற ஆட்டலா, இல்லை என்கிற ஆட்டலா? கோமளம் புடவையைச் சுற்றியும் சுற்றாமலும் வெளியே ஓடி வந்தாள். வாசலில் சீட்டு கிழிக்கிற ஆயா சந்திரம்மா, யாரையோ தமிழில் வைதுகொண்டிருந்தாள்.

"அம்மா, அம்மா, பேடான்னா என்னம்மா?"

சந்திரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேணாம்னு அர்த்தம். டாக்டரு ஆபரேஷன் வேணாம்னு சொன்னாங்களா? ஏன், உனக்கு வேணுமா?"

"எனக்கு பேடாம்மா, பேடா!" என்று சொல்லிவிட்டு, கோமளம் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். அப்புறம் அவள் செய்ததைத் தமிழில் சொன்னால் அபசகுனமாகிவிடும், கன்னடத்திலேயே சொல்லிவிடுகிறேன். உசிரு பிட்டாள்.