துவைக்காத சாக்ஸ்

கட்டிலடியில் கிடந்த பையை நபீசு துடைப்பக் கட்டையால் இழுத்து, உள்ளிருந்த சாக்ஸைக் கொதிக்கும் பானையில் கவிழ்த்தாள். அவள் கணவன் மொய்து நொண்டிக்கொண்டு வருவதற்குள் தண்ணீர் கறுத்துவிட்டது.

அன்று மாலை இறுதி ஆட்டம். தோற்கும்வரை சாக்ஸைத் துவைப்பதில்லை என்பது எங்கள் மலப்புறத்துச் செவன்ஸ் அணியின், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து அணியின், கட்டுப்பாடு. துவைத்தால் வெற்றி தண்ணீரோடு போய்விடும். கோல்கீப்பரான எனக்கும் அதே நம்பிக்கைதான்.

மொய்துவின் சுண்டுவிரல் இடுக்கு வெளுத்து ஊறி, வெடித்திருந்தது. சேற்றுப்புண் என்றோம். சேறே இல்லாத மைதானத்தில் அது எப்படி வரும் என்று நபீசு கேட்டாள். மீன் விற்கும் அவள் வாப்பா நாளெல்லாம் ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவர். அவருக்கு வந்ததில்லை. மைதானத்தை ஒட்டிய வீடு, பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தொழுகைக்குக் கால் கழுவி, துடைக்காமல் அதே சாக்ஸுக்குள் நுழைத்து, பூட்ஸை இறுக்கிக் கட்டுவோம். ஒட்டிக்கிடக்கும் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே காற்றுப் போகாது. சாக்ஸில் ஊறிய நோய் அங்கே குடியேறிவிடும் என்றாள்.

மேலாளர் பீரான் கேள்விப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். தோற்றால் மொய்துவுக்கு இனி அணியில் இடமில்லை என்றார். பழி அவள்மேல்தான் விழும் என்றும் சொன்னார்.

"விழட்டும் இக்கா. பழி விழுந்து யாருக்கும் காலு வெடிக்காது."

"உனக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும் மோளே?"

"பந்து தெரியாது. நாத்தம் தெரியும். உங்க வெற்றி மூணு வீட்டுக்கு முன்னாடியே வந்துடுது. கால் கழுவுறது சரிதான். ஈரத்தோட சாக்ஸுக்குள்ள விடச் சொல்லி எந்தப் பள்ளிவாசல் முஸ்லியாரு சொன்னாரு?"

எத்தனையோ தடுப்பாட்டக்காரர்களோடு ஆடியிருக்கிறேன். அந்த முற்றத்தில் அவள் நின்ற மாதிரி எவரும் நின்று நான் பார்த்ததில்லை.

சாக்ஸைத் தகரக் கூரையில் காயவைத்தாள். மொய்துவின் விரலிடுக்கைத் துடைத்துப் பஞ்சு வைத்து அனுப்பினாள். அவன் கடைசிவரை ஓடினான். ஒரு கோலில் ஜெயித்தோம்.

மறுநாள் காலை பீரான் அணியின் சாக்ஸ் முழுவதையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். இனி எல்லா ஆட்டத்துக்கும் அவள் கையாலேயே துவைக்க வேண்டுமாம், அதுதான் ராசியாம். அவரவர் துவைக்கட்டும் என்று திருப்பி அனுப்பினாள். மொய்து மருந்துக்கடைக்குப் போனான். களிம்பு கொடுத்து, புண் ஆறினாலும் சில வாரம் விடாமல் தடவச் சொன்னார்கள். மதியம் நபீசு வீட்டில் மத்திக் குழம்பு.