போரேஜ் பூவும் அரளிக்காயும்

நாங்கள் குடியேறிய காப்பெல் என்ற வெளிநாட்டு ஊரில், வீட்டுத் தோட்டத்தில் நான் விதைத்த போரேஜ் செடி நீல நீலமாகப் பூத்திருந்தது. மகள் ஒரு பூவைப் பறித்து வாயில் போட்டு மென்றாள். வெள்ளரிக்காய் வாசனை அடித்தது. "துப்புடி!" என்று கத்திவிட்டேன்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தங்கை மேரி பள்ளிக்கூட வேலியோரம் அரளிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டாள். "அக்கா, அம்மாகிட்ட சொல்லாத, அடிப்பாங்க" என்றாள். வீட்டில் அம்மா வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மேரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாந்தியெடுத்துச் சரிந்த பிறகுதான் சொன்னேன். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மேரி பிழைத்துக்கொண்டாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

"இட்ஸ் ஓகே, அம்மா! சாப்பிடலாம்னு நீதான சொன்ன?" என்றாள் மகள்.

நான்தான் சொல்லியிருந்தேன். ஆனாலும் அவள் துப்பும்வரை, மோவாய்க்குக் கீழே ஏந்திய கையை நான் எடுக்கவில்லை.