சூடம் காட்டிய சுவர்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் படுக்கையறைச் சுவருக்குச் சூடம் காட்டினார்கள். சாமிப் படம்கூட இல்லாத வெறும் சுவர்!

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்களே... அதற்கும் இந்தச் சுவருக்கும் சம்பந்தம் உண்டு. மதுரையில் எனக்கு ஆபரேஷன். வலது மார்பை எடுத்துவிட்டார்கள். எங்கள் காரைக்குடி வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "மேலுக்குச் சுகமில்லை" என்பதோடு சரி. நான் சொல்லிவிட்டேன் — அப்பாடா!

புண் ஆறிவிட்டது. கைதான் தோளுக்கு மேல் எழும்பவில்லை. என் கொண்டையை நானே போட முடியாது. தலைவாரிவிட ஒருத்தி, ஜாக்கெட் மாட்டிவிட ஒருத்தி... எத்தனை நாளைக்குப் பொம்மையாக உட்கார்ந்திருப்பது? படுத்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் முகப்புக்கும் அடுப்படிக்குமாக நடை. "படுங்களேன்" என்று நாலு பக்கமும் குரல்.

லேடி டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்ற வேண்டும். விட்டுவிட்டால் தோள் இறுகிப்போகுமாம். எட்டிய இடத்தில் தினம் ஓர் அடையாளம். எங்கள் சுவரோ முட்டை வெள்ளைக்கரு கலந்த வழவழப் பூச்சு — பென்சில் வழுக்கியது. குங்குமம் ஒட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கானாடுகாத்தானிலிருந்து சிகப்பி ஆச்சி வந்தார். என் கணவருக்குப் பெரியம்மா முறை. நான் வலியில் கண்ணை மூடி, பொட்டுகளுக்கு நடுவே கைவைத்து நிற்கிறேன்.

"என்ன ஆத்தா வேண்டுதல்?"

"வேண்டுதல் இல்லை ஆச்சி, கைக்குப் பயிற்சி..."

"சொல்லக் கூடாதுன்னா சொல்லாதே!"

கன்னத்தில் போட்டுக்கொண்டார். குதிகாலை உயர்த்தி, சுவரில் என் பொட்டுகளுக்கெல்லாம் மேலே தன் பங்குக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொன்று வைத்தார்கள். என் பொட்டு எது, ஊரார் பொட்டு எது? ஆஸ்பத்திரியில் அழாதவள் அன்று அழுதேன்.

கணவர் ஈரத்துணியோடு வந்தார். "எல்லாத்தையும் தொடச்சிரவா?"

"தொடைங்க. ஆச்சி வச்சது மட்டும் இருக்கட்டும்."

கோபம்தான். என் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்த அதைத் தாண்டாமல் விடுவதில்லை என்று, தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை ஆச்சி மறுபடி வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

"நான் வச்சதுக்கு மேல ஒண்ணு இருக்கே... யாரு வச்சது?"

"நான்தான் ஆச்சி. எம்புட்டு உயரத்துல வச்சுட்டுப் போனீக, தெரியுமா?"

என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நான் அன்னைக்கே நெனைச்சேன் ஆத்தா, இந்தச் செவுத்துல தெய்வம் இருக்குன்னு!" என்றவர், சூடத்தை ஏற்றிவிட்டார்.

நான் மறுக்கவில்லை. பெருமை சுவருக்கே போகட்டும். அன்று என் கொண்டையை நானே போட்டிருந்தேன். கொஞ்சம் கோணல்தான்... யாரும் சரிசெய்ய வரக் கூடாது!