டீச்சரம்மா இருந்த இடம்

எங்கள் கொறடா அலுவலகத்தில் அவரை நோட்டு அண்ணன் என்போம். எந்த உறுப்பினர் எந்நேரம் எங்கே இருப்பார், யாருக்கு முட்டிவலி, யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, எல்லாம் அவருடைய நீல நோட்டில் இருக்கும். ஓட்டெடுப்பு மணி அடித்தால் எட்டே நிமிடம், பிறகு சபைக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் எங்கள் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷத்தில் அண்ணன் ஒருவரையும் தவறவிட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சின்ன ஆஸ்பத்திரிகளை மூடும் மசோதாவை எங்கள் கட்சி அரசே கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றில்தான் அண்ணி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அதை மூடினால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அவருக்கோ மாடிப்படி இறங்குவதே பெரும்பாடு.

எங்கள் கட்சி உறுப்பினர் டீச்சரம்மாவுக்கு அண்ணியைத் தெரியும். அன்று காலை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, தான் ஓட்டுப் போடப்போவதில்லை என்றும், மணி அடிக்கும்போது கீழே பழைய ஃபைல் அறையில் இருப்பதாகவும் சொன்னார். அவர் ஒருவர் வராவிட்டால் சமம். எங்கள் சபை விதிப்படி சமமானால் மசோதா தோற்கும். அண்ணன் உடனே வீட்டுக்குப் போன் போட்டு அண்ணியிடம் சொன்னார். வெகுநாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

மதியம் மணி அடித்தது. கொறடா பட்டியலோடு ஓடிவந்தார்.

"ஒண்ணு குறையுது. டீச்சரம்மா எங்க?"

அண்ணன் நோட்டைக்கூடத் திறக்கவில்லை. "கீழ, பழைய ஃபைல் ரூம்ல."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார். கேட்டதும் சொல்லிப் பழகிய நாக்கு. அந்தக் கணம் அவரை அறைந்திருப்பேன், இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. கொறடா அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார். அடுத்த தேர்தலில் சீட் கிடையாது, மகனுக்கு வேலையும் இருக்காது என்று அவர் மிரட்டியது மேலே வரை கேட்டது.

கடைசி நிமிடத்தில் டீச்சரம்மா ஏறி வந்தார். எங்களைக் கடக்கும்போது நின்றார்.

"நீயாப்பா சொன்ன?"

அண்ணன் தலையாட்டினார். அந்தம்மா உள்ளே போனார். ஒரு ஓட்டில் மசோதா நிறைவேறியது.

நீ இல்லையென்றால் கவிழ்ந்திருப்போம் என்று கொறடா எல்லோர் முன்னாலும் அண்ணன் முதுகில் தட்டினார். அண்ணன் கும்பிட்டார். வேறென்ன செய்வார், பாவி மனுஷன்.

ஐந்து மணிக்கு அண்ணியே போன் செய்தார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

"பாஸாயிடுச்சும்மா," என்றார் அண்ணன். "ஆமா, டீச்சரம்மா வந்துட்டாங்க." அண்ணி ஏதோ கேட்டார். அண்ணன் நோட்டை மூடி வைத்தார்.

"தெரியலம்மா. யார் சொன்னாங்கன்னு தெரியல."