ஒத்திவைப்பில் ஓடும் கேபிள்

மழை பெய்தாலும் கேபிள்காரனுக்குத் திட்டு, வெயில் அடித்தாலும் திட்டு. பாராளுமன்றம் கூடினாலும் திட்டு விழும் என்பதை இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

கொல்லிமலையில் கேபிள் ஓட்டும் என்னைப் போன்ற சில்லறை ஆட்களைப் பெரிய கம்பெனிகளோடு சேர்த்துவிட டெல்லியில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் கேபிளை மூட்டை கட்டிவிட்டு மிளகு பறிக்கப் போகவேண்டியதுதான். கம்பத்தில் சுற்றாத என் தலை, ஏனோ மரம் ஏறினால் சுற்றும். பயத்தில், ஊர் ஆதரவு சேரட்டுமென்று பார்த்தவர்களிடமெல்லாம் பாராளுமன்ற சேனலைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். கம்பம் ஏறிப் பிழைக்கும் சகோதரர்களே, அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள்!

நின்றுபோன படம்

வாசலூர்பட்டி பழனியம்மாக்கா போன் செய்தார். "படம் அப்படியே நின்னுபோச்சுங்க, ஒடனே வாங்க." கொட்டுகிற மழையில் போய்ப் பார்த்தால், திரை முழுக்கக் காலி நாற்காலிகள். கூச்சல் தாங்காமல் சபையை ஒத்திவைத்திருந்தார்கள்.

"இது பழுதில்லீங்கக்கா, மெம்பருங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்று மூஞ்சியைத் தொங்கப்போட்டுச் சொன்னேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளே வராத காட்டையா சாமி படம் புடிச்சுக் காட்டறீங்க? அதுக்கு நான் எங்க குச்சிக்கிழங்குக் காட்டையே பாத்துக்கிட்டு இருக்கமாட்டனா?"

ஊமை மெம்பர்

எங்களுக்காக வாதாடச் சபையில் ஒரே ஒரு மெம்பர் எழுந்தார். செம்மேட்டு டீக்கடையில் நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பார்த்தேன். "சிறு கேபிள் தொழிலாளிகள்..." என்று ஆரம்பித்தார், சத்தம் போய்விட்டது. வாய் மட்டும் அசைந்தது. கடையே என்னை முறைத்தது. வயரைப் பிடுங்கிச் சொருகினேன், டி.வி.யின் முதுகில் நாலு போடு போட்டேன். அதற்குள் அவர் கையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் புரிந்தது, அவருடைய மைக்கை அங்கேயே அணைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் கருப்பண்ணன் டி.வி.யைத் தடவிக்கொடுத்தபடி கேட்டார்: "மைக்க அணைச்சது டெல்லியில. எங்க டி.வி.ய எதுக்குங்க போட்டு அடிக்கறீங்க?"

முதல் நம்பர்

பொன்னுசாமி அண்ணன் கட்சிக்காரர். அவர் கட்சி டெல்லியில் ஆட்சியில் இருந்தபோது, அரசு டி.வி.யை என் கேபிளில் முதல் நம்பரில் வைக்கச் சொன்னார். ஆட்சி போன மறுநாளே கடைசிக்குத் தள்ளச் சொன்னார். அரசு டி.வி.யை அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டுமென்று அவர் கட்சி மெம்பர் சபையில் முழங்கியபோது, அண்ணன் டீக்கடை பெஞ்சு மேல் ஏறிக் கை தட்டினார்.

"நாளைக்கு நீங்களே ஆட்சிக்கு வந்துட்டா, விடுவிப்பீங்களாங்கண்ணே?" என்று கேட்டேன்.

"அப்பத்தான் அது உண்மையச் சொல்ல ஆரம்பிச்சிருமேங்க! மறுக்கா மொத நம்பருக்குக் கொண்டாந்துருங்க."

சோறு

நாலாவது தடவையாக சபையை ஒத்திவைத்த அன்று, தேவனூர் நாட்டு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் ஒருவர் டீ குடிக்க வந்திருந்தார். கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்தார். பல மலையூர்கள் சேர்ந்து கூடும் அவர்கள் நாட்டுக் கூட்டத்தில் தீர்ப்பு வராமல் அடுப்பே பற்றவைக்க மாட்டார்களாம்.

"அங்க சோறாக்கற எடத்தப் பூட்டச் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிவு வந்துரும்."

ஓட்டெடுப்பு

ஓட்டெடுப்பு அன்று டீக்கடையில் நிற்க இடமில்லை. பழனியம்மாக்காகூடக் கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு வந்து நின்றார். சபாநாயகர் வாயைத் திறந்தார், படம் போய்விட்டது. வெளியே என் கேபிளில் ஒரு குரங்கு ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. அதை விரட்டி, கம்பம் ஏறி, வயரை முறுக்கினேன்.

"வந்துருச்சா?" என்று கத்தினேன்.

"வந்துருச்சுங்க!"

"ஐயோ, சட்டமா?"

"படமுங்க! வெறும் நாற்காலிதான் தெரியுது!"

திரையின் அடியில் ஓடியதைப் பொன்னுசாமி அண்ணன் உரக்கப் படித்தார். மசோதா அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிவைப்பு! சறுக்கிக்கொண்டு இறங்கி, கருப்பண்ணனைக் கட்டிப்பிடித்து, எல்லாருக்கும் டீ சொன்னேன். குரங்குக்கும் ஒரு பன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பழனியம்மாக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு இதே காலி நாற்காலியப் பாத்து மூஞ்சியத் தொங்கப்போட்டீங்க, இன்னைக்குக் கூத்தாடறீங்க. மொதல்ல உங்க மண்டைக்குள்ள இருக்கற வயரச் சரிபண்ணுங்க கண்ணு."

டெல்லி மெம்பர்கள் வேலை செய்யாத வரைக்கும்தான் என் வேலை ஓடும் என்பதால், அடுத்த கூட்டத்தொடரிலும் இதே ஒற்றுமையோடு சண்டை போட வேண்டுமென்று எங்கள் மலைச்சாமி அறப்பளீஸ்வரரிடம் வேண்டுதல் வைத்திருக்கிறேன்.