காயாத படம்

வாரக்கணக்காகியும் ஆண்டவருடைய முகம் காயவில்லை. வெயிலில் வைத்தேன், ஆடிக் காற்று புழுதியை வாரி நெற்றியிலும் தாடியிலும் அப்பிவிட்டது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அந்தப் படத்தின் முன்னே நின்று அழுதேன், பிரியமானவர்களே. வெட்கத்தைவிட்டுச் சொல்லுகிறேன், அழுதேன்.

யுத்த காலம் அது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு எதிலும் நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தேன். எங்கள் குருவானவர் வீட்டில், கெத்செமனேயில் ஆண்டவர் முழங்காலில் நின்று ஜெபிக்கிற பழைய சீமைப் படம் ஒன்று உண்டு. அதைப் பார்த்து எழுதியே ஆயில் பெயிண்டிங் கற்றுக்கொள்வது என்று கிளம்பினேன். கற்றுக்கொள்ளுமுன்பே வாக்கும் கொடுத்துவிட்டேன். இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் புதுக் கோவில் கட்டியிருந்தார்கள். "ஒங்க சாமிக்கு மூஞ்சியே கெடையாதாவே?" என்று ஊரார் கேலி பேசுவதாக அங்கத்து உபதேசியார் வருத்தப்பட்டார். "பிரதிஷ்டைக்குப் படம் வரும், ஐயா" என்றேன். அந்தச் சனங்கள் அதை நம்பிச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டார்கள்.

கோடுகள் நன்றாகவே வந்தன. நிறப்பொடி இருந்தது, குழைக்க லின்சீட் ஆயில், அதுதான் ஆளிவிதை எண்ணெய், எந்தக் கடையிலும் இல்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று அடுப்பங்கரை நல்லெண்ணெயை ஊற்றிக் குழைத்தேன்! பிறகு நாழிக்கொருதரம் தொட்டுப் பார்த்தேன். "அது என்ன தோசையால, வெந்துட்டான்னு பாக்க?" என்றாள் அம்மா.

"காயவையும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். காயவில்லை. கடைசியில் ஒரு காலை, "என்னால் ஆகவில்லை, நீரே பாரும்" என்று சொல்லிவிட்டு, உபதேசியாரிடம் உள்ளதை ஒப்புக்கொள்ளப் படத்தோடு, பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. படம் சாய்ந்து, பக்கத்திலிருந்த கடையநல்லூர் ஜவுளி வியாபாரியின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

"ஏலே! பெருநாளைக்குத் தச்ச சட்டைலே!" என்று கத்தினார். பிறகு சட்டையை மோந்து பார்த்தார். "என்ன எண்ணெய ஊத்துன?"

"நல்லெண்ணெய், பாய்."

கோபத்தோடேயே சிரித்துவிட்டார். "எம் மக கல்யாணத்துக்குக் கதவுக்கு நானும் இதத்தாம்ல கலக்குனேன். மாப்பிள்ள வேட்டி கதவோட ஒட்டிப்போச்சு! காயவே காயாது. பொறவுதான் மெட்ராஸ்லேருந்து ஆளிவெத எண்ணெய் வரவழச்சேன். மிச்சம் வீட்டுல கெடக்கு, வந்து எடுத்துக்க. படம் எழுதுதது எங்களுக்கு ஆகாது. எண்ணெய் குடுக்கலாம்லா?"

உபதேசியாரிடம், "கொஞ்சம் பொறுங்கள், படம் வரும்" என்று மட்டும் சொல்லித் திரும்பினேன். மறுநாளே கடையநல்லூர் போனேன்.

காயாதிருந்ததும் நல்லதாயிற்று. துணியால் துடைத்ததும் பழைய நிறமும் புழுதியும் சேர்ந்தே வந்துவிட்டன. கோடுகள் மட்டும் நின்றன. மறுபடி எழுதினேன். ஒரு பூச்சுக் காயும்வரை அடுத்ததைத் தொடக் கூடாதே! கை பரபரக்கும். அந்த நேரமெல்லாம் முழங்காலில் நின்றேன். அதற்குமுன் அவசரத்துக்கு மட்டும் ஜெபித்தவன் நான். இன்றைக்கும் துடிப்பு அடங்கவில்லை. ஆனால் எங்கே போய் நிற்பது என்று தெரிந்திருக்கிறது.

பிரதிஷ்டையன்று, ஆடு மேய்க்கிற ஒரு பெண் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவரும் நம்மளப்போல வெறுந்தரையிலதான் இருக்காரு" என்றாள். அந்தக் கோவிலில் நான் கேட்ட பிரசங்கங்களில் அது ஒன்றுதான் மனசில் நிற்கிறது.

பிரியமானவர்களே, கேட்டபடி அவர் செய்யவில்லை; கேட்கத் தெரியாததைச் செய்தார். அவருக்கே ஸ்தோத்திரம். நீங்களும் அவரிடம் விட்டுப் பாருங்கள். பதில் முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து, வசவோடேகூட வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள்.