சும்மா தடிமன்

போன கிழமை ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். படுவான்கரையில் ஒரு சிற்றூர்.

எந்த ஊர்? என்ன தேதி? வழக்கமாக இரண்டையும் முதல் வரியிலேயே எழுதிவிடுவேன். இன்று மாட்டேன். சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்...

இறந்தவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். வள்ளியம்மை என்று வைத்துக்கொள்வோம். பொய்ப் பெயர்தான். நோய் கசம், அதாவது காசநோய். அவருடைய தகப்பனார், பழைய ஏடுகள் தேடி நான் போகும்போதெல்லாம் சோறு போட்டவர்.

வள்ளியம்மையை நான் கடைசியாகப் பார்த்தது வேளாண்மை வெட்டு முடிந்த நாட்களில், அந்த ஊர் டிஸ்பென்சரி விறாந்தையில். எனக்குக் கண் நோய். வாங்குப் பலகையில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, நடுவில் நான். மிக்சர் வாங்க ஆளுக்கொரு வெறும் போத்தல் மடியில்.

அங்கே வழக்கம் என்ன தெரியுமா? மருந்து எழுதும் அப்போதிக்கரி ஐயா உள்ளே மேசையில் இருப்பார். பியோன் வாசலில் நின்று நோயைக் கேட்டு உள்ளே சத்தமாகச் சொல்வார். ஐயா எழுதிக்கொள்வார்.

"காக்கா, உங்களுக்கு என்ன?"

"சீழ்க் கட்டு."

"எங்க?"

முன்னால் நின்ற ஏறாவூர் முஸ்லிம் பெரியவர் நெளிந்தார். "இரிக்கிற இடத்தில..."

"அப்ப நிண்டுகொண்டே மருந்து வாங்குங்க!"

விறாந்தையே சிரித்தது. நானும்தான்.

அடுத்தது வள்ளியம்மை. "என்ன புள்ள?"

"இருமல்."

"சளியில ரத்தம் வருதா?"

அவருடைய பார்வை ஒரு கணம் என்னைத் தாண்டி அந்த அம்மாவிடம் போய்த் திரும்பியது.

"இல்ல... சும்மா தடிமன்."

வெறும் சளித் தடிமன் என்று உள்ளே எழுதியாயிற்று. அடுத்து அந்த அம்மா. காய்ச்சல் என்றார். அதையும் எழுதினார்கள்.

"நோயாளர் புத்தகத்த நான் ஒருத்தருக்கும் காட்டுறல்ல. பூட்டித்தான் வைக்கிற. திறப்பு என்ட மடியில" என்று அப்போதிக்கரி ஐயா பிறகு என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். சொன்னதும் உண்மை. ஆனால் விறாந்தையை யார் பூட்டுவது?

செத்த வீட்டில் வள்ளியம்மையின் தங்கை என்னைக் கண்டதும் உடைந்துபோனாள்.

"அக்காக்கு அப்பவே ரத்தம் வந்தது. எனக்குக் கலியாணம் பேசி இருந்ததால மறைச்சிட்டா. அண்டைக்கு வாங்கில இருந்தது மாப்பிள்ளைட பெரியம்மா. அவரை வளத்தவ."

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வந்து வாழ வேண்டும்? கசம் உள்ள வீட்டுக்கு யார் தங்கள் பிள்ளையை அனுப்புவார்கள்? ஆவணியில் கலியாணம் நடந்தது. அதன்பின் அக்கா பாயை விட்டு எழும்பவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது.

நான் புறப்படும்போது அந்தப் பெரியம்மா வேலியோரம் நின்றார்.

"தம்பி, அண்டைக்கு நடுவில இருந்தவர் நீங்கதானே?"

"ஓம்."

பேச வாயெடுத்தவருக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பிறகு அதை அவசரமாக மடித்து இடுப்பில் செருகினார். ஆனாலும் அதிலிருந்த சிவப்பை நான் பார்த்துவிட்டேன்.

"எனக்கும் அதுதான் தம்பி. அண்டைக்கே இருந்தது. அந்தப் புள்ள பக்கத்தில இருந்ததால காய்ச்சல் எண்டு சொன்னன். பொம்பள வீட்டாக்கள் அறிஞ்சா எங்கட பொடியன வீட்டுக்குள்ள எடுப்பாங்களா?"

ஒரே வாங்கு. ஒரே நோய். ஒரே கலியாணம். ஒருவருக்குப் பயந்து மற்றவர்... நடுவில் நான், கட்டு வந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

"இனியாவது உண்மையச் சொல்லி மருந்து எடுங்கம்மா" என்றேன்.

"எங்க போய்ச் சொல்ற? அதே வாங்கிலயா?"

"இத எழுதுங்க தம்பி, பேர் மட்டும் வேணாம்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

அப்போதிக்கரி ஐயாமாரே... நாளைக்கு அவர் உங்களிடம் வரக்கூடும். கதவைச் சாத்திக்கொண்டு கேளுங்கள்.